ஏரிதானே என்று ஏறினால் இடுப்பு போகும்: அலுமினியப் படகு வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்!

"டேய், ஏரியில போட்ல போய் யாருக்காவது இடுப்பு பிடிக்குமாடா?"

கனடாவில் இருக்கும் பள்ளி நண்பன் வீடியோ காலில் கேட்டான். சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை டொரொண்டோ பக்கம், ஐ.டி. போன கோடையில் பழைய அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்று வாங்கினான். 14 அடி நீளம், தட்டையான அடிப்பக்கம், விலையும் சல்லிசு. "ஸ்டேபிளா இருக்கும் சார், ஆடவே ஆடாது" என்று விற்றவர் சொன்னாராம். அது பொய் இல்லை, பாதி உண்மை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை முதல் ஆளாகப் படகில் ஏற்றி, நல்லா வேடிக்கை பார்க்கட்டும் என்று முன் சீட்டில் உட்கார வைத்தான். சிம்கோ ஏரி. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், மதியம் காற்று ஏறியதும் மாறிவிட்டது. கரைக்குத் திரும்பும் வழியில் டொம், டொம், டொம் என்று அடி. "டவுன் பஸ் கடைசி சீட்டுல உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கர் மேல ஸ்பீட் பிரேக்கரா ஏறின மாதிரி இருந்துச்சுப்பா" என்று அம்மாவே என்னிடம் போனில் சொன்னார். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் 3 வாரம் படுக்கை. நயாகரா டிக்கெட் கேன்சல்.

இப்போது அவன் படகை மாற்றப் போகிறான். இந்த முறை 'ஸ்மூத்தா' போகிற படகு வேண்டும். அதற்குத்தான் எனக்கு போன். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவனுக்காகப் படிக்க ஆரம்பித்து, மூன்று வாரம் தூக்கம் கெட்ட பிறகு ஒரு கருத்து வந்துவிட்டது. படகு வாங்குகிறவர்கள் தப்பான எண்ணைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். விற்கிறவர்களும் அந்த எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

கடலைவிட ஏரி மோசமா?

தூத்துக்குடிக்காரன் ஏரியைக் குட்டை என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. டொரொண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் சிம்கோ ஏரியின் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கனடா கணக்கில் இது பெரிய ஏரியே இல்லை. ஒன்டாரியோ, ஈரி, ஹூரான் போன்ற பேரேரிகளுக்கு முன்னால் இது சின்னப் பிள்ளை.

ஆனால் இடுப்பைப் பொறுத்தவரை ஏரியின் அளவு முக்கியமில்லை. அலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் விஷயம்.

ஆழமான நீரில் ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் அலை வந்து அடுத்த அலை வர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை. பெருங்கடலிலிருந்து கிளம்பி வரும் நீண்ட அலை 9 வினாடிக்கு ஒரு முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 126 மீட்டர். அதில் ஒரு சின்னப் படகு ஊஞ்சல் மாதிரி மேலே ஏறி, கீழே இறங்கும். வயிற்றைக் கலக்கலாம், ஆனால் இடுப்பை உடைக்காது.

ஏரியில் காற்று கிளப்பும் சிற்றலை 2 வினாடிக்கு ஒன்று வரும். கணக்குப் போட்டால் 6 மீட்டர் சொச்சம். அதாவது 20 அடி.

என் நண்பனின் படகு 14 அடி. ஒரு முகட்டில் ஏறி, அடுத்த முகடு வருவதற்குள் நடுப்பள்ளத்தில் முழுசாக விழுந்துவிடும். பிறகு அடுத்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கும். படகு எதிர்க்காற்றில் போகும்போது அலைகளும் எதிரே வருவதால் 2 வினாடி இடைவெளிகூட மிஞ்சாது.

கிணற்றில் குதித்தவர்களுக்கு இது புரியும்

ஊர்க் கிணற்றில் குளித்திருக்கிறீர்களா? கையை நீட்டித் தலைகீழாகப் பாய்ந்தால் தண்ணீர் வழிவிடும். அதே உயரத்திலிருந்து வயிறு அடிபடக் குதித்தால் சுவரில் மோதியது மாதிரி இருக்கும், சாயங்காலம் வரை வயிறு சிவந்து கிடக்கும். தண்ணீரும் உயரமும் அதேதான். தண்ணீரைத் தொட்ட பரப்பும் தொட எடுத்துக்கொண்ட நேரமும்தான் மாறின.

தட்டையான அடிப்பக்கம் கொண்ட படகு ஒவ்வொரு அலையிலும் வயிறு அடிபட விழுகிறது. 'வி' வடிவ அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது.

இந்த 'வி' எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லும் அளவுக்கு டெட்ரைஸ் என்று பெயர். மேஜையில் ஒரு புத்தகத்தை முழுசாக விரித்து வையுங்கள். அது 0 டிகிரி. இப்போது இரண்டு அட்டைகளையும் லேசாகத் தூக்குங்கள். அட்டைக்கும் மேஜைக்கும் நடுவே வரும் கோணம்தான் டெட்ரைஸ். படகின் முன்பக்கத்தில் இந்தப் புத்தகம் ஏறக்குறைய மூடியிருக்கும். பின்பக்கம் போகப் போகத் திறந்துகொண்டே போகும்.

வட அமெரிக்கச் சந்தையில் தட்டை அடிப்படகை ஜான் போட் என்கிறார்கள். கூர்மையைக் குறைத்த 'வி' படகுகளில் பின்பக்கக் கோணம் பொதுவாக 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும். டீப் வி என்று விற்கப்படும் அலுமினிய மீன்பிடிப் படகுகளில் 16 முதல் 20 டிகிரி வரை.

இந்த டீப் வி சமாச்சாரம் பிரபலமானதற்கு ஒரு ரேஸ் காரணம். 1960-இல் மயாமியிலிருந்து நசாவு வரை நடந்த படகுப் போட்டியில், கொந்தளித்த கடலில் 'மாப்பி' என்ற மரப்படகு ஜெயித்தது. ரே ஹன்ட் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, டிக் பெர்ட்ராம் கொண்டுபோன படகு அது. அடிப்பக்கக் கோணம் 24 டிகிரி. வேகப்படகு என்றால் பின்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்ற அதுவரைக்குமான நம்பிக்கையை அது உடைத்தது. அதே வடிவத்தைப் பிறகு ஃபைபரில் வார்த்து விற்றார்கள்.

அன்றிலிருந்து எல்லா பிரவுச்சர்களிலும் டிகிரி கணக்கு. என் நண்பனும் வாட்ஸ்அப்பில் இரண்டு படகுகளின் படம் அனுப்பி, "இது 18 டிகிரி, இது 20 டிகிரி. 20-க்கு ரொம்பவே காசு கூட. வொர்த்தா மச்சி?" என்று கேட்டான்.

2 டிகிரிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இதற்கு விடை 1929-இலேயே இருக்கிறது. தியடோர் வான் கார்மன் என்ற விஞ்ஞானி, கடல்விமானங்கள் தண்ணீரில் இறங்கும்போது மிதவைகளில் எவ்வளவு அடி விழுகிறது என்று அந்த வருடம் ஒரு சூத்திரம் எழுதினார். 'வி' வடிவத்தில் ஒரு பொருள் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கான அடிப்படைக் கணக்கு அது. பிறகு வந்தவர்கள் எவ்வளவோ திருத்தினார்கள், ஆனால் சாரம் நிற்கிறது. கோணம் கூடக் கூட அடி குறையும். விழும் வேகம் கூடினால் அடி அதன் வர்க்கமாக ஏறும்.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. 5 டிகிரியிலிருந்து 10-க்குப் போனால் அடி பாதியாகிறது. 10-லிருந்து 20-க்குப் போனால் மறுபடி பாதி. ஆனால் 18-லிருந்து 20? சுமார் 11 சதவீதம்தான் குறைகிறது.

இப்போது வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் 30-க்கு இறக்கினால், அடி ஏறக்குறைய 44 சதவீதம் குறைகிறது. ஒரு பைசா செலவில்லை.

நிஜப் படகு சூத்திரத்தைப் போல அழகாக நடந்துகொள்ளாது என்பது தெரியும். படகின் எடை, அலையின் உயரம், எந்தக் கோணத்தில் அலையைச் சந்திக்கிறோம் என்று நூறு விஷயம் உள்ளே வரும். இருந்தாலும் 11-க்கும் 44-க்கும் உள்ள வித்தியாசத்தை அது எதுவும் அழித்துவிடாது. தட்டை அடியிலிருந்து ஒரு சுமாரான 'வி'க்கு மாறுவதில்தான் பெரிய லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கொடுக்கும் காசில் பாதி, நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளத்தான்.

இன்னொரு தில்லுமுல்லும் இருக்கிறது. தில்லுமுல்லு என்பது கடுமையான வார்த்தையோ? பரவாயில்லை, இருக்கட்டும். பிரவுச்சரில் போடும் டிகிரி பெரும்பாலும் படகின் பின்கோடியில், மோட்டார் மாட்டும் பலகை இருக்கும் இடத்தில் அளந்தது. அலை அங்கேயா மோதுகிறது? வேகமெடுத்த படகு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின்பாதியில் வழுக்கிக்கொண்டு ஓடும். எதிரே வரும் அலை மோதுவது முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கொஞ்சம் முன்பின்னாக. அந்த இடத்தில் 'வி' எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் இடுப்பின் தலையெழுத்து. பின்னால் ஒரே 18 டிகிரி கொண்ட இரண்டு படகுகளில், ஒன்று முன்னால் கத்தி மாதிரியும் இன்னொன்று கரண்டி மாதிரியும் இருக்கலாம். பிரவுச்சர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அலுமினியத்தின் மேல் பழி போடலாமா?

"ஃபைபர்னா ஸ்மூத், அலுமினியம்னா தகர டப்பா" என்று ஒரு பேச்சு உண்டு. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள்.

இந்தப் படகுகள் பிறந்த கதையிலேயே காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் அமெரிக்காவில் விமானம் செய்த கைகளும் அலுமினியத் தகடும் மிச்சம். போர் விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனமே அலுமினியக் கேனூ செய்ய ஆரம்பித்தது. 1948-இல் மினசோட்டா மாநிலத்தின் நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் லண்ட் நிறுவனம் தொடங்கியது. தூக்கிக்கொண்டு போகலாம், சாதாரண காரில் இழுக்கலாம், பாறையில் உரசினால் நசுங்குமே தவிர உடையாது. குறைந்த எடைதான் அலுமினியத்தின் வெற்றி.

அந்தக் குறைந்த எடைதான் அதன் குறையும். கனமான படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், லேசான படகை அலை தூக்கி எறியும். லாரியும் ஆட்டோவும் ஒரே பள்ளத்தில் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் வளைவு. ஃபைபர் படகை அச்சில் வார்க்கிறார்கள், எந்த வளைவும் வரும். அலுமினியம் தகடு. ஒரு பக்கமாக வளைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமாக வளைத்து, முன்னால் கத்தி மாதிரி ஆரம்பித்து மெல்ல விரிந்து போகும் வடிவத்தைக் கொண்டுவருவது கஷ்டம், அதுவும் தடித்த தகட்டில். மெல்லிய தகட்டை அழுத்தியும் இழுத்தும் வடிவமைக்க முடியும், அதற்குப் பெரிய எந்திரம் வேண்டும். ஆகவே ஒரு கம்பெனி முன்பக்கத்து வடிவத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்பதை, கொஞ்சம் பார்த்துப் பழகினால் வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

மூன்றாவது சத்தம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. மெல்லிய தகடு பறை மாதிரி. அலை தட்டினால் அதிரும். நமக்கு வலிப்பதில் ஒரு பங்கு உண்மையில் காதில் விழுவதுதான். நின்ற படகில் சின்ன அலை தட்டும்போதே எரிச்சலூட்டும் சத்தம் வரும்.

ரிவெட்டா வெல்டிங்கா என்ற சண்டையை இங்கே சேர்க்காதீர்கள். அது படகு எத்தனை வருடம் ஒழுகாமல் இருக்கும் என்ற சண்டை. ரிவெட் வருடக்கணக்கில் அடிபட்டால் தளர்ந்து கசியலாம், திரும்ப அடித்துக்கொள்ளலாம். நல்ல வெல்டிங் விறைப்பாக நிற்கும். இரண்டும் அலையை மென்மையாக்காது.

அப்போ பெரிய டீப் வி வாங்கிட்டா முடிஞ்சுதா?

இங்கேதான் நானும் நண்பனும் சண்டை போட்டோம்.

மீன் பிடிக்கப் போகிறவர் பெரும்பாலான நேரம் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருக்கிறார். ஓடும்போது மெத்தென்று போகும் அதே கூர்மையான 'வி', நிற்கும்போது தொட்டில் மாதிரி ஆடும். இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். தட்டை அடிப்படகு இதில் ராஜா. விற்றவர் சொன்ன "ஆடவே ஆடாது" இதுதான். நிற்கும்போது ஆடாது என்பதை மட்டும் சொன்னார், ஓடும்போது உதைக்கும் என்பதை விட்டுவிட்டார்.

அதோடு, கூர்மை கூடினால் படகு தண்ணீரில் ஆழமாக அமரும். ஆழம் குறைந்த, புல் மண்டிய இடங்களுக்குள் போக முடியாது. இழுக்கப் பெரிய மோட்டார் வேண்டும், பெட்ரோலும் கூட. கரையில் அதை இழுக்க உங்கள் காருக்குத் தெம்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

நடுவழி ஒன்று உண்டு. அடிப்பக்கமும் பக்கச் சுவரும் சேரும் விளிம்புக்கு சைன் என்று பெயர். அந்த விளிம்பு அகலமாக, லேசாகக் கீழ்நோக்கித் திரும்பி இருந்தால், நிற்கும்போது கை ஊன்றியது மாதிரி படகைத் தாங்கும். ஓடும்போது தெறிக்கும் தண்ணீரையும் கீழே தள்ளிவிடும், சட்டை நனையாது. முன்னால் நல்ல கூர்மை, பின்னால் மிதமான 'வி', ஓரத்தில் இப்படி ஒரு விளிம்பு. பெரிய ஏரியில் அவ்வப்போது, சின்ன ஏரிகளில் அடிக்கடி என்று போகிற குடும்பஸ்தனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சிறிய, காற்று மறைவான ஏரிகளில் மட்டுமே மீன் பிடிப்பவர் தட்டை அடியே வாங்கிக்கொள்ளலாம், அதில் எந்தக் கேவலமும் இல்லை. வாரா வாரம் பேரேரியில் கரை தெரியாத தூரத்துக்குப் போகிறவருக்கு டீப் வி அவசியம், அங்கே இது சொகுசுப் பிரச்னையே இல்லை, உயிர்ப் பிரச்னை.

நண்பனின் வாதம் வேறு. "மச்சி, எப்பவாவது அலை அடிச்சாலும் தாங்கணும்ல? அதுக்குத்தான் பெரிய மோட்டாரா போடலாம்னு பாக்குறேன். டக்குனு கரைக்கு வந்துடலாம்."

இதைக் கேட்டுத்தான் கோபம் வந்தது. அம்மாவின் இடுப்பைப் பிடித்ததே டக்கென்று கரைக்கு வரும் அவசரம்தான். அலையில் வேகம் உதவாது. உதவுவது மெதுவாகப் போகும் திறமை. படகு ஓரளவு வேகம் எடுத்த பிறகுதான் தண்ணீர் மேல் எழும்பி வழுக்கி ஓடும். வேகம் குறைந்தால் பொத்தென்று பின்பக்கம் அமர்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே, மெதுவாகவும் அதே சமயம் எழும்பியும் ஓடக்கூடிய படகுதான் அலையில் நல்ல படகு. ஆகவே டீலரிடம் "மேக்சிமம் ஸ்பீட் என்ன?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு குறைந்த வேகத்தில் விழாமல் எழும்பி ஓடும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்குவதைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். தூத்துக்குடியிலும் மற்றக் கடற்கரைகளிலும் ஓடும் ஃபைபர் வள்ளங்களைப் பாருங்கள். நீளம் கூட, அகலம் குறைவு, அணியம் எனப்படும் முன்பக்கம் உயர்ந்து கூர்ந்து நிற்கும், மோட்டார் சின்னது. அலையைக் கிழித்துக்கொண்டு போவது அந்த ஒடுக்கமான நீளமும் நிதானமான வேகமும். இதை நான் சொன்னதும் நண்பன் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். அவன் தாத்தா அதில் போனவர்.

அதனால் கூடுதல் காசு இருந்தால் நீளத்தில் போடு என்றேன், டிகிரியிலும் ஹெச்.பி.யிலும் போடாதே என்றேன். 2 வினாடி அலையின் 20 அடிப் பள்ளத்தில் 14 அடிப் படகு முழுசாக விழும். 18 அடிப் படகு அவ்வளவு ஆழமாக இறங்குவதற்குள் முன்பக்கம் அடுத்த முகட்டைத் தொட்டுவிடும். நீளம் கூடினால் எடையும் தானாகக் கூடும், அதுவும் லாபம்.

படகைப் பார்க்கப் போகும்போது

ஷோரூமில் எல்லோரும் படகுக்குள் ஏறி சீட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், மீன் தேடும் திரை எவ்வளவு பெரியது என்று பார்க்கிறார்கள். நீங்கள் கீழே குனியுங்கள். டிரெய்லரில் நிற்கும் படகின் நேர் முன்னால் போய், தரையோடு தரையாக உட்கார்ந்து போட்டோ எடுங்கள். முன்னாலிருந்து பின்னால் 'வி' எப்படி விரிகிறது என்பது ஒரே படத்தில் தெரியும். கொஞ்ச தூரத்திலேயே தட்டையாகிவிடுகிறதா, பாதிவரை கூர்மையைக் காப்பாற்றுகிறதா? இரண்டு மூன்று படகுகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரவுச்சர் தேவைப்படாது.

ஓட்டிப் பார்க்க டீலர் காலை 8 மணிக்குக் கூப்பிடுவார். அப்போது எல்லாப் படகும் ஸ்மூத்தான படகுதான். காற்று வீசும் மதியம் கேளுங்கள், வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரோடு போங்கள். எதிர்க்காற்றில் ஓட்டும்போது மோட்டாரின் சாய்வை மாற்றி முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். கூர்மையான பகுதி தண்ணீருக்குள் வந்ததும் அடி குறைவது அங்கேயே தெரியும். ரொம்ப இறக்கினால் படகு மூக்கால் உழ ஆரம்பித்து, ஸ்டியரிங் கைக்கு அடங்காது. அலை பின்னாலிருந்து வரும்போது இதற்கு நேர்மாறாக முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் வராது. முடிந்தால் வாங்கும் முன் அதே வகைப் படகை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

யாரை எங்கே உட்கார வைப்பது என்பது வாங்கிய பிறகு வரும் கேள்வி, ஆனால் வாங்கும்போதே பார்க்க வேண்டும். டவுன் பஸ் கடைசி சீட் மாதிரி, படகில் முன் சீட். அலையில் ஏறி விழும்போது அதிக உயரம் போய் அதிக வேகத்தில் இறங்குவது அதுதான். பிரிட்டனில் கடல் விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பு, வேகப்படகுச் சவாரிகளில் பயணிகளுக்கு முதுகெலும்பு நசுங்கிய சம்பவங்களைப் பற்றிப் பல முறை அறிக்கை கொடுத்திருக்கிறது. ரப்பர் மிதவை வைத்த படகுகள் அவை, ஆனால் முதுகெலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே டிஸ்க் பிரச்னை உள்ளவர்கள் (ஐ.டி. ஆட்களே, உங்களையும்தான்) நடுவிலிருந்து பின்பக்கமாக உட்கார வேண்டும். அங்கே நல்ல முதுகுச் சாய்வோடு சீட் இருக்கிறதா, இல்லை மீன் பெட்டிதான் இருக்கிறதா என்று பாருங்கள். பல படகுகளில் சொகுசான மெத்தைகள் எல்லாம் முன்னால்தான்.

மற்றபடி, கனடாவில் மோட்டார் படகு ஓட்ட அதற்கான திறனறி அட்டை வேண்டும், ஏரும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று போட்டிருக்கும். அது நல்ல வானிலைக்கான உச்ச அளவு. காற்று நாளில் அந்த எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நண்பன் அந்த 20 டிகிரி படகை வாங்கவில்லை. 18 அடியில், பழையது ஒன்றை எடுத்தான். முன்பக்கம் நன்றாகக் கூர்ந்திருக்கிறது. பின்பக்கம் 14 டிகிரியோ என்னவோ, அவன் கேட்கவே இல்லையாம். மோட்டார், முதலில் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பக்கத்தில் பழைய ஓனர் கரையில் மோதிய நசுங்கல் இருக்கிறது, அதைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டான்.

அம்மா ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டானாம். பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நீ முதல்ல தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வா, நான் கரையில நின்னு பாக்குறேன்" என்றாராம். போய்விட்டு வந்தான். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, மெதுவாக ஏறிப் பின்னால் உட்கார்ந்த வீடியோ என் போனில் இருக்கிறது. 40 வினாடி ஓடுகிறது. டொம் சத்தம் இரண்டு முறை கேட்கிறது. இரண்டாவது முறை அம்மாவின் குரல்: "மெதுவாப் போடா, என்ன அவசரம்?"